கல் போனது, வலியும் போனதா?

மறுநாளே வீடு, ஒன்றிரண்டு வாரத்தில் வேலை என்று பித்தப்பை ஆபரேஷனை எளிதாக்கிவிட்டது லேப்ராஸ்கோப். ஆனால் பித்தப்பையை இழந்த பிறகு நோயாளி எப்படி வாழ்கிறார் என்ற கேள்விக்கு இப்போதுதான் தெளிவான பதில்கள் கிடைத்துவருகின்றன.

பாட்னா, வாராணசி, கோரக்பூர் என்று கங்கைச் சமவெளியின் எந்த நகரமானாலும், மருத்துவமனைகள் வரிசையாக நிற்கும் தெருவில் அந்த விளம்பரப் பலகை கண்ணில் படும். 'பித்தப்பைக் கல்லுக்கு தூர்பீன் ஆபரேஷன்.' தூர்பீன் என்றால் இந்தியில் தொலைநோக்கி. லேப்ராஸ்கோப் என்ற வாயில் நுழையாத கருவிக்கு வட இந்தியா சூட்டிக்கொண்ட பெயர் அது. வயிற்றைக் கிழிக்காமல், நான்கு துளைகள் வழியே பித்தப்பையை எடுத்துவிடலாம் என்பது கிராமங்கள்வரை பரவிவிட்ட செய்தி. அந்தப் பலகைகளில் சொல்லப்படாதது, துளைகள் ஆறிய பின் என்ன நடக்கும் என்பது.

பெரும்பாலானவர்களுக்கு நல்லதே நடக்கிறது. நள்ளிரவில் உயிரை உலுக்கிய வலி நின்றுபோகிறது. பூரியும் பக்கோடாவும் மறுபடி தட்டுக்கு வருகின்றன. ஆனால் கணிசமான ஒரு பகுதியினர் சில மாதங்களில் அதே டாக்டரின் வாசலில் வந்து நிற்கிறார்கள். கல்லும் போய், பையும் போய், வலி மட்டும் போகாதவர்கள் அவர்கள். ஆபரேஷன் தவறாக நடந்ததா, அல்லது அந்த வலிக்குக் கல்தான் காரணமா என்பதே இன்று உலகெங்கும் சர்ஜன்கள் தங்களைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

தழும்பின் வரலாறு

1965 அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், பித்தப்பை ஆபரேஷன் முடிந்த சில நாள்களில் செய்தியாளர்கள் முன் சட்டையைத் தூக்கித் தன் தழும்பைக் காட்டினார். வலது விலா எலும்புக்குக் கீழே நீண்டு கிடந்த அந்தத் தையல் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வெளியானது. அன்றைய பித்தப்பை ஆபரேஷன் என்றால் அதுதான். வயிற்றுத் தசையைக் குறுக்கே வெட்டுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் மருத்துவமனை. பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் படுக்கை.

பித்தப்பையை அடியோடு அகற்றும் முறையைத் தொடங்கிவைத்தவர் பெர்லினின் கார்ல் லாங்கன்புக். 1882 ஜூலை 15 அன்று 43 வயது நோயாளி ஒருவருக்கு அவர் அதைச் செய்தார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு அடிப்படை மாறவில்லை. 1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மூ என்ற சர்ஜன், லேப்ராஸ்கோப்பைக் கொண்டு முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். மறு ஆண்டு அவர் அதை ஜெர்மன் சர்ஜன்களின் மாநாட்டில் விவரித்தபோது சந்தேகப் பார்வைகளே மிஞ்சின. அதே சங்கம் 1992இல் அவரைக் கௌரவித்தது. இதற்கிடையே 1987இல் பிரான்சின் லியோன் நகரில் ஃபிலிப் மூரே இதே ஆபரேஷனைச் செய்ய, அங்கிருந்து இது உலகெங்கும் தீயாகப் பரவியது.

இந்தியா தாமதிக்கவில்லை. மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 1972 முதலே நோயைக் கண்டறிய லேப்ராஸ்கோப்பைப் பயன்படுத்திவந்த டெஹம்டன் உட்வாடியா, 1990இல் அதே மருத்துவமனையில் அதைக் கொண்டு பித்தப்பையை அகற்றினார். 2017இல் பத்ம பூஷண் பெற்ற அவர், 2023 ஜனவரியில் மறைந்தார். இந்தப் புதுமை ஓர் அரசு மருத்துவமனையில் தொடங்கியது பொருத்தமே. நட்சத்திர மருத்துவமனையின் வாடிக்கையாளருக்குச் சிறிய தழும்பு ஓர் அலங்காரம். நாள் கூலிக்காரருக்கோ ஒரு மாதம் படுக்கையில் கிடக்காமல் இருப்பது சோற்றுப் பிரச்சினை.

லாபம் எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வின்படி, வயிற்றைத் திறந்து செய்யும் முறையைவிட லேப்ராஸ்கோப் முறையில் மருத்துவமனை வாசம் மூன்று நாளும், தேறிவரும் காலம் மூன்று வாரமும் குறைகின்றன. அதே குழு சொன்ன இன்னொரு செய்தி அதிகம் பேசப்படவில்லை. சில சென்டிமீட்டர் மட்டுமே வெட்டிச் செய்யும் 'மினி' ஆபரேஷனோடு ஒப்பிட்டால், நோயாளி தேறும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கேமராவும் வாயு இயந்திரமும் இல்லாத ஊர்களுக்கு ஆறுதலான தகவல் இது.

வடக்கின் நோய்

இந்தியாவில் பித்தக்கல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. எஸ்.எல். மல்ஹோத்ரா என்ற மருத்துவர் நாடு முழுவதும் உள்ள ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்து 1968இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்திய ஊழியர்களைவிட வட இந்திய ஊழியர்களுக்குப் பித்தக்கல் ஏழு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. கல்லின் தன்மையும் வேறு. வடக்கில் பெரும்பாலும் கொழுப்புக் கற்கள். தெற்கில் பித்த நிறமியால் ஆன கருமையான கற்கள் அதிகம். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது. பிள்ளைப்பேறு, உடல் பருமன், வேகமான எடைக் குறைப்பு எல்லாம் இதற்குத் துணைபோகின்றன.

வட இந்திய சர்ஜன்களின் மனதில் இதற்கு மேல் இன்னொரு பயம் உண்டு. பித்தப்பைப் புற்றுநோய் உலகில் மிக அதிகமாகக் காணப்படும் பகுதிகளில் ஒன்று கங்கைச் சமவெளியும் அசாமும். நீண்ட காலம் கிடக்கும் கல், பித்தப்பையில் குடியிருக்கும் டைஃபாய்டு கிருமி, நிலத்தடி நீரிலுள்ள ஆர்செனிக் என்று சந்தேகப் பட்டியல் நீள்கிறது. இந்தப் பயம்தான் 'எதற்கும் எடுத்துவிடலாம்' என்ற முடிவுக்குப் பல நேரம் உந்துகிறது.

ஒரு மணி நேரம்

ஆபரேஷன் சுமார் ஒரு மணி நேரம். முழு மயக்கம். தொப்புள் அருகே போடும் துளை வழியாக வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, குடலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே கூடாரம்போல் இடைவெளி உண்டாக்குகிறார்கள். அதே துளையில் கேமரா நுழைகிறது. மேல் வயிற்றில் இன்னும் மூன்று துளைகள். அவற்றில் பெரியது ஒரு சென்டிமீட்டர், மற்றவை அரை சென்டிமீட்டர். பித்தப்பையின் குழாயும் அதற்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும் டைட்டானியம் கிளிப் போட்டு வெட்டப்படுகின்றன. கல்லீரலின் அடியிலிருந்து பிரிக்கப்பட்ட பை, ஒரு துளை வழியாக வெளியே வருகிறது. கிளிப்புகள் உடம்பிலேயே தங்கிவிடும். அவற்றால் தொல்லை இல்லை. விமான நிலையச் சோதனைக்கும் பயப்பட வேண்டாம்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கக் கூடாதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பை இருக்கும்வரை கல் மறுபடி சேரும் என்பதே பதில். கல் பித்தக் குழாய்க்குள் இறங்கிவிட்டால் வேலை இரண்டு கட்டமாகும். தேசியவாத காங்கிரஸ் தலைவர் சரத் பவாருக்கு 2021இல் நடந்தது அதுதான். மார்ச் இறுதியில் வாய்வழி எண்டோஸ்கோப் மூலம் குழாயிலிருந்த கல்லை எடுத்தார்கள். ஏப்ரல் 12 அன்று மும்பையில் லேப்ராஸ்கோப் மூலம் பித்தப்பையை அகற்றினார்கள். அப்போது அவருக்கு வயது 80. வயது மட்டுமே இந்தச் சிகிச்சைக்குத் தடையல்ல.

முதல் வாரம்

கண் விழித்ததும் நோயாளியைத் திகைக்கவைப்பது வயிற்று வலியைவிடத் தோள் வலி. 'ஆபரேஷன் வயிற்றில், வலி தோளிலா?' என்று உறவினர்கள் பதறுவது வழக்கம். உள்ளே மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதற்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புவதால், மூளை அதைத் தோளின் வலியாகப் படித்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு நாளில் வாயு ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். எழுந்து நடப்பதே நல்ல மருந்து. மாரடைப்பு என்று பயந்து நள்ளிரவில் காரைக் கிளப்ப வேண்டியதில்லை. ஆனால் மூச்சுத் திணறலும் நெஞ்சு இறுக்கமும் சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது.

குமட்டல் முதல் நாளோடு போய்விடும். சில மணி நேரத்தில் தண்ணீர், மாலையில் டீ, மறுநாள் காலை கிச்சடியோ இட்லியோ சாப்பிடலாம். சிக்கல் இல்லாதவர்கள் அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்புகிறார்கள். ஓரிரு நாளில் குளிக்கலாம். மாடிப்படி ஏறலாம். மேஜை வேலைக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாளில் திரும்பலாம். வலி மாத்திரையின் மயக்கமின்றி, சட்டென்று பிரேக்கை மிதிக்க முடிந்தால் வண்டி ஓட்டலாம்.

பாரம் தூக்குவதுதான் பிரச்சினை. வெளியே தெரியும் தோல் ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே தசை மேலுள்ள உறை வலுப்பெற இன்னும் சில வாரம் வேண்டும். அவசரப்பட்டால் தொப்புள் துளையில் குடலிறக்கம் வரலாம். மூன்று நான்கு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்லித்தான் டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். மூட்டை தூக்குபவருக்கும் ரிக்‌ஷா மிதிப்பவருக்கும் அந்த வாரங்கள் சம்பளமில்லாத வாரங்கள்.

பெண்களின் நிலை இதைவிட மோசம். தழும்பு சிறியது என்பதாலேயே வீட்டார் நோயையும் சிறியதாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் நீண்ட தையலைப் பார்த்த மாமியார் மருமகளை ஒரு மாதம் அடுப்படிக்கு விடமாட்டார். நான்கு பிளாஸ்திரிகளைப் பார்க்கும் இன்றைய குடும்பம் மூன்றாம் நாளே சப்பாத்தி மாவைக் கையில் கொடுக்கிறது. மாவு பிசையலாம், தவறில்லை. ஆனால் முழு சமையல் காஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. தண்ணீர்க் குடம், ஈரத் துணி வாளி, இடுப்புக் குழந்தை எல்லாம் பாரம்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஓய்வு' என்று ஒரு சொல் எழுதுவதைவிட, எதையெல்லாம் தூக்கக் கூடாது என்று கணவனிடமும் மாமியாரிடமும் சொல்லி அனுப்புவது அதிகம் பயன் தரும்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருத்தல் கூடாது. நாளாக நாளாகக் குறைய வேண்டிய வலி கூடுவது, காய்ச்சல், குளிர் நடுக்கம், நிற்காத வாந்தி, கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்தும் மலம் வெளுத்தும் போவது, துளையிலிருந்து பச்சை மஞ்சளாகத் திரவம் கசிவது ஆகியவை பித்தம் கசிவதையோ குழாய் அடைபட்டதையோ காட்டலாம். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு அன்றே திரும்ப வேண்டும்.

பை இல்லாத வாழ்க்கை

பித்தப்பை பித்தத்தைச் சுரப்பதில்லை. அது வெறும் கிடங்கு. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். அதில் சில தேக்கரண்டியளவைச் சுண்டவைத்துச் சேமித்து, கொழுப்பு உணவு வரும்போது பிழிந்து விடுவதே பையின் வேலை. பை போனபின் பித்தம் சொட்டுச் சொட்டாக நேரே குடலில் இறங்கிக்கொண்டே இருக்கும். பெரும்பாலோர் உடம்பு சில வாரத்தில் இதற்குப் பழகிவிடுகிறது. வாழ்நாள் முழுக்க நெய்யும் எண்ணெயும் விலக்கு என்பது கட்டுக்கதை. முதல் சில வாரம் பொரித்ததைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பலாம். ஒரே வேளையில் கல்யாண விருந்து அளவுக்குச் சாப்பிடுவதை மட்டும் தள்ளிப்போடலாம்.

பழகாத குடல்களும் உண்டு. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, சாப்பிட்ட சற்று நேரத்தில் அவசரமாகக் கழிப்பறை தேடும் நிலை வருகிறது. பெருங்குடலுக்குள் கூடுதலாகச் சென்று சேரும் பித்த உப்புகள் அங்கே நீரைச் சுரக்கவைப்பதே காரணம். பலருக்கு இது சில மாதங்களில் அடங்கும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். பஸ்ஸில் நீண்ட தூரம் போகும் விற்பனைப் பிரதிநிதிக்கோ, கழிப்பறை இல்லாத பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியைக்கோ இது சின்ன விஷயமல்ல. வெளியில் சொல்லக் கூசி, சாப்பாட்டைக் குறைத்து இளைத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பித்த உப்பைக் கட்டிப்போடும் கொலஸ்டிரமின் என்ற பழைய மருந்து இதற்குப் பெரும்பாலும் கைகொடுக்கிறது. டாக்டரிடம் வாய் திறந்து சொல்வதுதான் முதல் படி.

எந்த வலி போகும்?

ஆபரேஷன் வெற்றி என்பதை சர்ஜன்கள் முன்பு ரத்தப்போக்கு, தொற்று, மரணம் ஆகியவற்றால் அளந்தார்கள். 1995இல் எர்ன்ஸ்ட் ஐபாஷ் என்ற ஜெர்மன் சர்ஜனும் சகாக்களும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஒரு வினாத்தாள் அளவுகோலை மாற்றியது. அதில் 36 கேள்விகள். வயிறு உப்புகிறதா, தூக்கம் கெடுகிறதா, பிடித்ததைச் சாப்பிட முடிகிறதா, வேலை பாதிக்கிறதா, வாழ்க்கையில் மகிழ்ச்சி உண்டா என்று நோயாளியிடமே கேட்கிறது. முழு மதிப்பெண் 144. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் இதைக் கொடுத்துப் பார்த்த பல நாட்டு ஆய்வுகளில் பெரும்பாலோரின் மதிப்பெண் ஏறுகிறது. ஆனால் எல்லோருடையதும் ஏறுவதில்லை.

யாருடையது ஏறுகிறது என்பதற்கு விடை, ஆபரேஷனுக்கு முன் அவர் சொன்ன வலியில் இருக்கிறது. பித்தக்கல் வலிக்குத் தனி முகம் உண்டு. மேல் வயிற்றின் நடுவிலோ வலது பக்கமோ தொடங்கும். முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவும். விட்டுவிட்டு வராமல் அரை மணி முதல் சில மணி நேரம் பிடித்த பிடியில் நிற்கும். பிறகு தானே விலகும். அடுத்த தாக்குதல் ஒரு வாரத்திலோ ஆறு மாதத்திலோ வரும். இப்படிப்பட்ட வலி ஆபரேஷனுக்குப் பின் பெரும்பாலும் போய்விடுகிறது.

மாறாக, தினமும் வயிறு உப்புவது, ஏப்பம், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், சாப்பிட்டதும் மந்தம் என்பவை கல்லின் குற்றமாக இல்லாமல் இருக்கலாம். இவை அமிலத்தாலோ, குடலின் எரிச்சலாலோ வருபவை. ஸ்கேனில் கல் தெரிந்ததும் பழி முழுவதும் அதன் தலையில் விழுகிறது. பை போகிறது. உப்புசம் தங்கிவிடுகிறது.

நெதர்லாந்தில் 24 மருத்துவமனைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2019இல் 'லான்செட்' இதழில் வெளியானது. யாருக்கு ஆபரேஷன் என்பதை டாக்டரின் வழக்கத்துக்கு விட்ட குழுவில், ஓராண்டு கழித்து வலியின்றி இருந்தவர்கள் 60 சதவீதம். கறாரான விதிகளின்படி ஆளைத் தேர்ந்தெடுத்த குழுவில் 56 சதவீதம். இரண்டிலும் பத்துக்கு நான்கு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிரிட்டனில் 434 பேரிடம் நடந்து 2023இல் வெளியான இன்னோர் ஆய்வு, சிக்கலற்ற பித்தக்கல் வலி உள்ளவர்களில் ஒரு பாதிக்கு ஆபரேஷனையும் மறு பாதிக்கு வலி மருந்தையும் உணவு அறிவுரையையும் பரிந்துரைத்தது. 18 மாதம்வரை உடல் வலியைக் கணக்கிட்டதில் இரு பாதிக்கும் வேறுபாடு தெரியவில்லை. மருந்துக் குழுவில் நான்கில் ஒருவர் மட்டுமே அதற்குள் ஆபரேஷனுக்கு வந்திருந்தார். ஆபரேஷன் குழுவிலும் மூன்றில் ஒரு பங்கினர் அதைச் செய்துகொண்டிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே இந்த முடிவை எடைபோட வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு யாரும் ஆபரேஷனைத் தள்ளிப்போட அவசரப்பட வேண்டாம். பித்தப்பை வீங்கிச் சீழ் பிடித்தவர், கல் குழாயில் இறங்கி மஞ்சள் காமாலை கண்டவர், கணையம் அழன்றவர் இவர்களுக்கு ஆபரேஷன் தள்ளிப்போட முடியாதது. மீண்டும் மீண்டும் அசல் பித்தக்கல் வலி வருபவருக்கும் அதுவே சிறந்த வழி. சந்தேகம், வலி தெளிவாக இல்லாதவர்களைப் பற்றியது.

மௌனக் கற்கள்

தெருவுக்குத் தெரு ஸ்கேன் மையங்கள் வந்தபின், கல் இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள் நோயாளிகளாகிவிட்டார்கள். சிறுநீரகத்துக்காகவோ கர்ப்பத்துக்காகவோ எடுத்த ஸ்கேன் பித்தக்கல்லைக் காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்களில் இப்படித் தற்செயலாகக் கல் தெரியவந்த 123 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1982இல் வெளியானது. ஐந்தாண்டில் 10 சதவீதம், 15 ஆண்டில் 18 சதவீதம் பேருக்குத்தான் வலி வந்தது. மீதிப் பேர் கல்லோடு சமாதானமாக வாழ்ந்தார்கள். வலி தராத கல்லைத் தொட வேண்டாம் என்ற உலக விதி இத்தகைய ஆய்வுகளில் உருவானது.

அந்த விதியை கங்கைக் கரையில் அப்படியே பின்பற்றலாமா என்பது இந்திய மருத்துவர்களின் தீராத விவாதம். மிச்சிகனில் பித்தப்பைப் புற்றுநோய் அபூர்வம். வாராணசியில் அப்படி இல்லை. ஆனாலும் கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அங்கேயும் புற்றுநோய் வருவதில்லை. பெரிய கல், பித்தப்பைக்குள் பெரிய பாலிப், தடித்த சுவர் போன்ற குறிகள் இருந்தால் வலி இல்லாமலேயே எடுப்பதற்கு நியாயம் உண்டு. எடுத்த பை எதுவானாலும் திசுப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதில் மட்டும் விவாதம் இல்லை. கல்லை மட்டும் குடும்பத்தாரிடம் காட்டிவிட்டுப் பையைக் குப்பையில் போடும் பழக்கம், ஆரம்ப நிலையில் பிடிபட வேண்டிய புற்றுநோயைத் தப்பவிடுகிறது.

எளிதான ஆபரேஷன் எண்ணிக்கையையும் கூட்டுகிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் லேப்ராஸ்கோப் வந்த பிறகு, 1992 வாக்கில், பித்தப்பை ஆபரேஷன் விகிதம் 28 சதவீதம் கூடியது. ஓர் ஆபரேஷனுக்கான மரண அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் ஆபரேஷன்கள் பெருகியதால், மொத்த மரணங்களின் எண்ணிக்கை குறையவே இல்லை.

ஆயிரத்தில் சிலர்

இந்தச் சிகிச்சையின் மிகப் பெரிய விபத்து, பித்தப்பையின் குழாய் என்று நினைத்துக் கல்லீரலின் முதன்மைக் குழாயை வெட்டிவிடுவது. பழைய முறையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு நேர்ந்தது, லேப்ராஸ்கோப் வந்தபின் மூன்று முதல் ஐந்து என்றானது. அதன் விலை என்ன என்பதற்கு வரலாற்றுச் சாட்சி பிரிட்டிஷ் பிரதமர் ஆன்டனி ஈடன். 1953இல் லண்டனில் அவருக்கு நடந்த பித்தப்பை ஆபரேஷனில் பித்தக் குழாய் சேதமானது. பாஸ்டனுக்குக் கொண்டுபோய்ச் சீர்செய்தார்கள். ஆனாலும் காய்ச்சல் விடாமல் துரத்தியது. 1956 சூயஸ் நெருக்கடியின் நடுவிலும் அது தாக்கியது. 1957 ஜனவரியில் உடல்நிலையைக் காரணம் காட்டிப் பதவி விலகினார்.

லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகம் போன்ற பெரிய மையங்களுக்கு, வேறிடங்களில் இப்படிக் காயப்பட்டவர்கள் வந்துசேர்கிறார்கள். அங்கே பணிபுரிந்த சர்ஜன் வினய் கபூர் இந்தக் காயங்கள் பற்றியே ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார். குடலையும் கல்லீரல் குழாயையும் இணைக்கும் பெரிய ஆபரேஷன், மாதக்கணக்கில் செலவு, வருடக்கணக்கில் பரிசோதனை என்று ஓர் இளம் பெண்ணின் வாழ்க்கையே திசைமாறிவிடும்.

தடுக்க வழி இருக்கிறது. அமெரிக்க சர்ஜன் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் 1995இல் பெயரிட்டுப் பரப்பிய பாதுகாப்பு விதியின்படி, பித்தப்பைக்குள் போவது இரண்டே குழாய்கள் என்று கண்ணால் உறுதிப்படுத்தாமல் எதையும் வெட்டக் கூடாது. உறுதிப்படவில்லை என்றால் பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வெளியேறலாம், அல்லது வயிற்றைத் திறந்து தொடரலாம். 'துளை போட்டுத் தொடங்கி, கிழித்து முடித்துவிட்டார்' என்று குறைப்படும் குடும்பம், அந்த முடிவுதான் உயிரைக் காத்தது என்று அறிவதில்லை.

இந்திய மருத்துவமனைகளை வாட்டும் இன்னொரு தொல்லை உண்டு. எல்லாம் ஆறி மூன்று நான்கு வாரம் கழித்துத் தொப்புள் துளையில் ஒரு கட்டி கிளம்பும். உடையும், வடியும், ஆறாது. வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காது. சரியாகச் சுத்திகரிக்கப்படாத கருவிகளிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான மைக்கோபாக்டீரியாக்கள்தான் காரணம். குணமாக்க மாதக்கணக்கில் மருந்து தேவை. ஒரு நாளில் பத்துப் பேருக்கு ஒரே செட் கருவிகளை ரசாயனத்தில் முக்கி முக்கிப் பயன்படுத்தும் இடங்களில், மலிவான ஆபரேஷனுக்கு நோயாளி பின்னால் தரும் விலை இது.

கேட்க வேண்டியவை

2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய்வரையிலான சிகிச்சைகளில் பித்தப்பை அகற்றலும் அடங்கும். பணம் இல்லாமல் கல்லோடு வலியைச் சுமந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் திட்டம் ஆபரேஷனுக்குப் பணம் தருகிறது. ஆபரேஷன் தேவையா என்று பொறுமையாகப் பேசும் அரை மணி நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை.

அந்த அரை மணி நேரத்தை நோயாளிதான் கேட்டு வாங்க வேண்டும். என்னுடைய வலி கல்லால் வருவதுதானா? ஆபரேஷனுக்குப் பின் எது போகும், எது போகாது? காத்திருந்தால் என்ன ஆபத்து? கல் குழாயில் இல்லை என்று உறுதியா? உள்ளே கடினமாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கருவிகளை எப்படிச் சுத்திகரிக்கிறீர்கள்? பை பரிசோதனைக்குப் போகுமா, அறிக்கை எப்போது வரும்? எந்த நாளிலிருந்து என்ன வேலை செய்யலாம்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற சர்ஜனிடம் தைரியமாக மேஜையில் படுக்கலாம்.

கல்லை ஸ்கேன் கண்டுபிடித்துவிடும். வலி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதனால் வருகிறது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள டாக்டருக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். ஆபரேஷனுக்குப் பின் வரும் ஆண்டுகள் எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் அந்தத் தாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.